கீழே போட மனசு வரும் கேமரா

கார்த்தி,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். காலையில்தான் ஒரே குழாயடியில் பல் தேய்த்தோம். இப்போது நீ உன் ஆபீஸில் இருக்கிறாய், நான் மந்தைவெளிக் கடையில் புறா வலைச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே இட்லிப் பானையில்தான் கை வைக்கப் போகிறோம். அப்புறம் எதற்கு இந்தாளு கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். நேரில் பேசினால் நான் கத்துவேன். கத்தினால் நீ காதில் அந்த வெள்ளைக் குச்சியைச் சொருகிக்கொள்வாய். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பலாம் என்றால், நீ அதை வேகமாக ஓடவிட்டு என்னை எலி மாதிரி கீச்சிட வைத்துக் கேட்கிறாய் என்று உங்கம்மா போட்டுக் கொடுத்துவிட்டாள். காகிதத்தை அப்படி ஓடவிட முடியாது. பொறுமையாகப் படி. ஞாயிற்றுக்கிழமை நீ கேமரா வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் படித்து முடித்துவிடு.

எது வாங்கட்டும் என்று நீதான் என்னைக் கேட்டாய். அன்றைக்கு உங்கம்மா ரசம் எடுத்துவர உள்ளே போன நேரமாகப் பார்த்து, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

“நைனா, ஒரு கேமரா வாங்கலாம்னு கீறேன். மொத கேமரா. எது நல்லாருக்கும்?”

“கேமராவா? இன்னாத்துக்கு? உன் போன்லயே மூணு கண்ணு கீதே!”

“இருட்டுல எடுத்தா புள்ளி புள்ளியா வருது நைனா. நான் எடுக்கறதெல்லாம் இருட்டு ரூமு.”

அப்படிச் சொல்லிவிட்டுப் போனை என் பக்கம் திருப்பினாய். கல்யாண வயசுப் பிள்ளை அம்மா இல்லாத நேரத்தில் அப்பனிடம் போனைக் காட்டுகிறான் என்றால், யாராவது ஒரு பெண்ணின் படமாக இருக்கும் என்று ஒரு கணம் எனக்கு வயிறு குளிர்ந்துபோனது. பெண்ணும் இல்லை, ஆணும் இல்லை. ஆளே இல்லாத கட்டடங்கள். காலி செய்த குவார்ட்டர்ஸ் ஒன்றின் படிக்கட்டு. ஆழ்வார்பேட்டையில் ஏதோ ஒரு பங்களாவின் குளியலறை, அதற்குள் ஆலங்கன்று ஒன்று வேர்விட்டு நிற்கிறது. யாரும் போகாத இடத்துக்குப் போய் யாரும் பார்க்காததைப் படம் பிடிக்கிறாயாம். உன் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். அப்புறம் அடையாறில் ஒரு காலி ஃப்ளாட்டில் எடுத்த படம் வந்தது. “இந்த ஃப்ரேம் எப்டி நைனா, ஷோக்கா கீதுல்ல?” என்றாய்.

ஷோக்காகத்தான் இருந்தது. பால்கனி முழுவதும் புறா வலை, அதன் வழியாக மாலை வெயில். நான் வெயிலைப் பார்க்கவில்லை. வலையின் மூலை முடிச்சைப் பார்த்தேன். வெள்ளைக் கயிறு தீர்ந்துபோய் நீலக் கயிறு போட்டு, முனையை லைட்டரால் உருக்கி ஒட்டியிருந்தது. ஊரில் எத்தனை பேர் வலை கட்டினாலும் நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியும். அது நான் கட்டிய வலை. அந்த வலைக்கு உள்பக்கம் இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பி இருந்தது. கட்டும்போது அதில்தான் என் சேஃப்டி பெல்ட்டை மாட்டியிருந்தேன். உன் படத்தில் அந்தக் கம்பி இல்லை.

உங்கம்மா ரசத்தோடு வந்தாள். “இன்னா ரெண்டு பேரும் கம்முனு கீறீங்க?” என்றாள். ஆபீஸ் விஷயம் என்று நீ சொன்னாய். நானும் தலையை ஆட்டினேன். இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பயமாக இருக்கிறதுடா. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மாடி மாடியாகத் தொங்குகிறவனுக்கு என்ன பயம் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். பயத்தை வைத்துத்தான் எங்கள் பிழைப்பே நடக்கிறது. பயம் போய்விட்ட ஆளை நான் மறுநாள் வேலைக்குக் கூப்பிடமாட்டேன். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது, நீயும் சின்ன வயசில் கேட்டிருப்பாய். மேலே வேலை செய்கிற எவனாக இருந்தாலும், ஒரு அடி பின்னால் வைப்பதற்கு முன்னால் கையைப் பின்னால் நீட்டி எதையாவது தொட வேண்டும். சுவரோ கதவோ கம்பியோ, தொட்ட பிறகுதான் கால். மறந்தவனைப் பார்த்து “பின்னாடி கை!” என்று கத்துவோம். உன் மாமா செல்வம் என்னோடு இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்து, இப்போது பஸ்ஸில் பின்னால் நகரும்போதுகூடக் கையை நீட்டி யார் மேலாவது இடித்துத் திட்டு வாங்குகிறான்.

நீ போகிற கட்டடங்களைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பாழடைந்த கட்டடம் என்றால் பழசாகிப்போய்த் தானாக இடியும் கட்டடம் என்று நினைக்கிறாய். நம்மூரில் அப்படி இல்லை. பழைய ஃப்ளாட்டை இடித்துப் புதுசு கட்டப்போகிறோம் என்று எல்லோரும் காலி செய்வார்கள். காலி செய்த கையோடு பழைய சாமான் எடுக்கிறவர்கள் வருவார்கள். தேக்குக் கதவு, ஜன்னல் கிரில், படிக்கட்டின் கைப்பிடி, பால்கனிக் கம்பி, லிஃப்ட்டின் இரும்புக் கதவு, எதெதற்கு விலை கிடைக்குமோ அதெல்லாம் முதலில் போய்விடும். அதற்கப்புறம் ஃப்ளாட்காரர்களுக்கும் கட்டுகிறவருக்கும் சண்டை வந்து கேஸாகிவிட்டால் கட்டடம் அப்படியே நிற்கும், வருஷக்கணக்காக. சுவர் உறுதியாகத்தான் இருக்கும். மனுஷன் விழாமல் இருக்க என்னென்ன வைத்தார்களோ அது எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மீதியை நிற்க வைத்திருக்கிறார்கள். லிஃப்ட் இருந்த இடம் இன்னொரு ரூம் மாதிரி இருட்டாகத் திறந்து கிடக்கும். புறா வலையை மட்டும் எவனும் கழற்றமாட்டான். அதற்குக் காலணா கிடைக்காது.

இதெல்லாம் தெரிந்த எனக்கு, நீ கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் தெரியவில்லை. போகாதே என்று சொல்லலாம். நீ சரி என்பாய், அப்புறம் சொல்லாமல் போவாய். உன் வயசில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். சொல்லாமல் போகிற பிள்ளையை நினைத்தால் இன்னும் பயம். அதனால் போன வாரம் செல்வத்தைக் கூட்டிக்கொண்டு ஒரு கேமராக் கடைக்குப் போனேன்.

கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள், உன் வயசுதான் இருக்கும். யாருக்கு, எந்த மாதிரி போட்டோ எடுப்பதற்கு, கல்யாணமா பறவையா என்று மரியாதையாகக் கேட்டாள். செல்வம் முந்திக்கொண்டு, “பாழடஞ்ச பில்டிங்குமா” என்றான். அவள் அதிர்ந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன். “ஓ, அதுவா சார்! இப்ப நிறைய பேர் எடுக்கறாங்க” என்று சாதாரணமாகச் சொன்னாள். ஐயோ சாமி, இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை அப்பன்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். இதில் இருட்டிலும் படம் தெளிவாக வரும், இதில் கை நடுங்கினாலும் படம் நடுங்காது, இதில் கண் வைத்துப் பார்க்கும் துவாரம் பெரியது, அதில் பார்த்தால் வெளி உலகமே மறந்துபோகும் சார் என்றாள். கடைசியாகச் சொன்னதை அவள் பெருமையாகத்தான் சொன்னாள்.

“அதெல்லாம் இருக்கட்டும்மா. எத வச்சிக்கினு எடுத்தா பையன் கீழ வுழமாட்டான்? அத குடு” என்றான் செல்வம்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. “அப்படி யாரும் கேட்டதில்ல சார். ஒரு நாள் வாடகைக்கு எடுத்துட்டுப் போய் நீங்களே பாருங்களேன்” என்றாள். ஆதார் அட்டையின் நகலைக் கொடுத்துவிட்டு ஒரு கேமராவை வாங்கிக்கொண்டேன். நீ இணையத்தில் பார்த்து ஆசைப்பட்டாயே, அதே புத்தம்புதுக் கேமராதான். அந்தப் பெண் அதை என் கழுத்தில் மாட்டிவிட்டபோது எனக்கு மாலை போட்டதுபோல் கூச்சமாக இருந்தது.

அடையாறு கட்டடத்துக்கே போனோம். சுவரேறிக் குதிக்கவில்லை. மூன்றாவது மாடியில் எனக்கு வலை வேலை கொடுத்த மேடம் இப்போது நங்கநல்லூரில் தங்கை வீட்டோடு இருக்கிறார். போன் போட்டு, உங்கள் ஃப்ளாட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். “அங்க என்ன இருக்கு பாக்கறதுக்கு? சரி, வாட்ச்மேன்கிட்ட சொல்லிடறேன். ஜாக்கிரதையா போயிட்டு வாங்கோ” என்றார். அவ்வளவுதான்டா. ஒரு போன். கேட்டால் தரமாட்டார்கள் என்று நீயே முடிவு கட்டிக்கொண்டு சுவரேறுகிறாய்.

வாட்ச்மேன் கேட்டைத் திறந்ததும் முதலில் சொன்னது இதுதான். “இப்டி ஓரமா வாங்க சார். அங்க தண்ணி சம்பு கீது. மூடிய எவனோ தூக்கினு போயிட்டான்.” நான் பார்த்த இடத்தில் வாதாம் இலைச் சருகுதான் கிடந்தது. அவர் குச்சியை விட்டுக் கிளறினார். சருகு அப்படியே உள்ளே விழுந்தது, கீழே கறுப்பாகத் தண்ணீர். போட்டோ பிடிக்கிற பசங்க பின்பக்கச் சுவரேறி இந்தப் பக்கம்தான் குதிக்கிறானுங்க, சொன்னா கேக்கறதில்ல சார் என்றார். நான் சுவரைப் பார்த்தேன், சம்பைப் பார்த்தேன். ஒரே எட்டு. நீ அன்றைக்குக் கொஞ்சம் வேகமாகக் குதித்திருந்தால் போதும். செல்வம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். நாங்கள் தேடவேண்டும் என்று நினைத்தாலும் எங்கே வந்து தேடியிருப்போம், சொல்லு. வீட்டில் யாரிடமும் சொல்லாமல்தானே போயிருந்தாய்.

படிக்கட்டில் கைப்பிடி இல்லை. சுவரோரமாக, சுவரைத் தடவிக்கொண்டே ஏறினோம். மூன்றாவது மாடியில் மேடத்தின் ஃப்ளாட்டுக்குக் கதவு இல்லை. சமையலறை ஜன்னல் போய்விட்டதால் புறாக்கள் அந்த வழியாக வந்து பரண் முழுக்கக் குடித்தனம் நடத்துகின்றன. பால்கனியில் மட்டும் என் வலை, ஒரு புறாகூட உள்ளே வராமல் மேலிருந்து கீழ்வரை விறைப்பாக நிற்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல வேலைதான் செய்திருக்கிறாய் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கம்பி இருந்த இடத்தில் சுவரில் ஓட்டை மட்டும் இருந்தது. அதையும் பார்த்தேன். செல்வத்திடம் கைகாட்டி, “மச்சி, கம்பி இல்ல, உஷாரு” என்று நான்தான் சொன்னேன். நன்றாகக் கேட்டுக்கொள், நான்தான் சொன்னேன்.

அப்புறம் கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

அந்த நேரம் வெயில் வலை வழியாக உள்ளே வந்து கூடத்துச் சுவர் முழுக்கச் சதுரம் சதுரமாக நிழல் போட்டிருந்தது. எத்தனை வருஷமாக வலை கட்டுகிறேன், அதன் நிழலை நான் பார்த்ததே இல்லை. நாங்கள் எப்போதும் வெளியைப் பார்த்து நிற்கிறவர்கள். அந்தத் துவாரத்துக்குள் பார்த்தபோது அந்தச் சுவர் மட்டும்தான் இருந்தது. வாட்ச்மேன் இல்லை, சம்பு இல்லை, செல்வம் இல்லை, நீயும் இல்லை. கார்த்தி, மூன்று வாரமாக என் வயிற்றில் உட்கார்ந்திருந்த பயம் அந்த நிமிஷம் காணாமல் போனது. ஆனந்தமாக இருந்தது. சுவரின் ஒரு மூலை மட்டும் படத்துக்குள் வரவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தேன். இன்னும் கொஞ்சம் வரவேண்டும், இன்னொரு அடி. பால்கனிக் கதவு இருந்த இடத்தைத் தாண்டியது எனக்குத் தெரியவில்லை. கையைப் பின்னால் நீட்டவில்லை. முதுகில் வலை பட்டது.

பட்டதும் என் உடம்பு நின்றிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் முதுகில் என்னவோ பட்டது என்று துள்ளி முன்னால் வந்திருப்பான். என் உடம்பு துள்ளவில்லை. அது என் வலை, விறைப்பாக இருக்கிறது, நான் கட்டியது என்று நம்பிச் சாய்ந்துகொண்டது. வலை கட்டி முடித்த ஒவ்வொரு வீட்டிலும், “இது புறாவுக்குத்தான், மனுஷன் பாரம் தாங்காது, கொழந்தைங்கள சாய விடாதீங்க” என்று வாய் வலிக்கச் சொல்லிவிட்டு வருகிறவன் நான். அதே நான் சாய்ந்தேன். வெயிலில் வெந்துபோன நைலான். தீபாவளிச் சரம் மாதிரி படபடவென்று கொக்கி கொக்கியாகத் தெறித்தது. முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

செல்வம் பக்கத்துச் சுவரோரமாகத்தான் நின்றிருந்தான். ஒரு கையால் சட்டையையும் இன்னொரு கையால் கேமராவின் வாரையும் பிடித்து இழுத்தான். சட்டை கிழிந்தது, வார் அறுந்துபோகவில்லை. இரண்டு பேரும் கூடத்துத் தரையில் விழுந்து கிடந்தோம். என் ஒரு செருப்பு கீழே போய்விட்டது. அது கீழே விழுந்த சத்தம் கேட்க இத்தனை நேரமா என்று தோன்றியது.

செல்வம் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தான். அழுதுகொண்டே திட்டினான்.

“மாமா, உன் ரெண்டு கையும் எங்க இருந்துச்சு தெரியுமா? செவுரு பக்கத்துல கீது. கதவு சட்டம் கீது. எதையாச்சும் புடிச்சியா நீ? கேமராவ கொயந்த மாதிரி கட்டிக்கினு போறியே! எங்கக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

அவன் சொன்ன பிறகுதான் பார்த்தேன். அப்போதும் என் இரண்டு கையும் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தன. வாடகைப் பொருள், புதுசு, உடைந்துபோகக் கூடாது. உயிர் போகிற நேரத்தில் என் கைகளுக்கு அதுதான் நினைவு. உங்கம்மா என் கழுத்தில் பார்த்துக் கேட்டாளே ஒரு சிவப்புக் கோடு, வேலையில் கயிறு கீறிவிட்டது என்று சொன்னேனே, அது அந்த வார் அறுத்த காயம்.

செல்வம் கல்யாணத்தில் அந்த வீடியோக்காரர் விழுந்தது உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, நீ அப்போது சின்னப் பையன். மயிலாப்பூர் மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்துவர, அவர் கேமராவைத் தோளில் வைத்துப் பின்னோக்கியே நடந்து, மேடை முடிந்ததே தெரியாமல் மேளக்காரர்கள் மடியில் போய் விழுந்தார். சபையே சிரித்தது, நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். விழும்போதும் அவர் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். என்னவொரு தொழில் பக்தி என்று பாராட்டினோம். இப்போது அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நீ ஆசைப்பட்ட அந்தப் புதுக் கேமரா வேண்டாம். பழசு வாங்கு. ஏற்கனவே யாரோ கீழே போட்டு, மூலை தேய்ந்து, கீறல் விழுந்த ஒன்றாகப் பார்த்து வாங்கு. கீழே போட மனசு வருகிற கேமராவாக இருக்கட்டும். காசு இல்லாமல் சொல்லவில்லை, உடைந்தால் இன்னொன்று நானே வாங்கித் தருகிறேன். எத்தனை உடைந்தாலும் வாங்கித் தருகிறேன். கால் தடுமாறினால் முதலில் அதை விட்டுவிட்டுச் சுவரைப் பிடி. வீட்டில் கட்டில் மேல் நின்று நாலு தடவை கீழே போட்டுப் பழகு என்றுகூடச் சொல்வேன், நீ என்னைப் பைத்தியம் என்பாய்.

லென்ஸ் அகலமானதாக வாங்கு. கேமராவோடு சேர்த்துக் கொடுப்பது போதாது. நின்ற இடத்திலிருந்தே முழு அறையும் உள்ளே வரவேண்டும். ஓரத்தில் சுவர் வளைந்து தெரியும் சார் என்று அந்தப் பெண் சொன்னாள். வளையட்டுமே, சுவர்தானே வளைகிறது. பின்னால் போகவேண்டும் என்ற ஆசையே உனக்கு வரக்கூடாது. கண் வைத்துப் பார்க்கும் துவாரம் இல்லாமல், பின்பக்கத் திரையில் பார்த்து எடுக்கிறதாக வாங்கு. அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் உன் காலும் உன் கண்ணில் படும். கை நடுங்கினாலும் படம் தெளிவாக வருகிற வகைதான் வேண்டும், மூன்று கால் ஸ்டாண்டை அங்கே விரித்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்து கொண்டிருக்காதே. வார் கழுத்தில் இருக்கட்டும், கையில் சுற்றாதே, படியில் இரண்டு கையும் காலியாக இருக்கவேண்டும். முதுகுப் பையும் வேண்டாம், பின்னால் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று உனக்கே தெரியாது. நம்மூர்க் கடல்காற்றுக்கு லென்ஸில் பூசணம் பிடிக்குமாம். காற்றுப் போகாத டப்பாவில், மாத்திரைப் புட்டியில் வருமே வெள்ளைப் பொட்டலம், அதைப் போட்டு வை. அரிசி டிரம்மில் வைத்து உங்கம்மாவிடம் மாட்டிக்கொள்ளாதே.

சுவரேறாதே, கேட்டுவிட்டுப் போ. வெயில் இருக்கும்போது போ. தனியாகப் போகாதே. உன் கூட வருகிறவன் படம் எடுக்கிறவனாக இருக்கக் கூடாது, இரண்டு பேரும் துவாரத்துக்குள் போய்விட்டால் யார் யாரைப் பிடிப்பது? எவனும் கிடைக்காவிட்டால் செல்வத்தைக் கூப்பிடு, திட்டிக்கொண்டே வருவான். உங்கம்மாவிடம் நீயே சொல்லிவிடு. அவளுக்குத் தெரியாமல் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை.

இவ்வளவு சொல்கிறவன் போகவே போகாதே என்று ஏன் சொல்லவில்லை என்று நினைப்பாய். சொல்லத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அதற்குக் காரணம் செல்வத்துக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், உனக்கும் தெரியட்டும். அந்தக் கூடத்துத் தரையில், ஒரு காலில் செருப்பில்லாமல், கழுத்தில் எரிச்சலோடு கிடந்தேனே, செல்வம் அழுதுகொண்டிருந்தானே, அப்போது நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? கீழே எட்டிப் பார்க்கவில்லை. அவனுக்கு நன்றி சொல்லவில்லை. உங்கம்மாவை நினைக்கவில்லை, உன்னை நினைக்கவில்லை. கேமராவைத் திருப்பி, படம் விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

விழுந்திருந்தது. சாய்ந்த அந்த நொடியில் விரல் அமுக்கியிருக்கிறது, சுவரும் நிழலும் நாலு மூலையும் அப்படியே. செல்வம் என் கன்னத்தில் அறைந்தான். என்னைவிடச் சின்னவன், என்னை அறைந்தது அதுதான் முதல் தடவை.

ஊரெல்லாம் பால்கனி பால்கனியாகப் பயந்தே வயிறு வளர்த்தவன் நான். எனக்கே அரை மணி நேரத்தில் அப்படி ஆகிவிட்டதென்றால், ஆசையோடு போகிற உனக்கு எப்படி இருக்கும்? நான் என்ன கத்தினாலும் அந்தத் துவாரத்துக்குள் என் சத்தம் வராது. இதுதான்டா என் பயம். சம்பு இல்லை, லிஃப்ட் குழி இல்லை, வலை இல்லை. அங்கே போய்விட்டால் உனக்குப் பயமே இருக்காது.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேலையை முடித்து ரோட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு போன் போடு. எங்க கீறே, இன்னாத்துக்கு இவ்ளோ நேரம், அடி கிடி பட்டுச்சா என்று ஒன்றும் கேட்கமாட்டேன். சத்தியமாகக் கத்தமாட்டேன். நீ “நைனா” என்றால் போதும். நான் ஒரு மூச்சு விட்டுக்கொள்கிறேன். அப்புறம், படம் நல்லா வந்துச்சாடா என்று மட்டும் கேட்பேன்.

உன் நைனா